ஃபார்மேட் போடாமல் நீலத்திரையை நிறுத்திய ஐந்து ரோட்டுக் கடை

கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது, கொண்டுபோகிற இடத்தில் எல்லாம் "ஃபார்மேட் போட்டுடலாம்" என்கிறார்கள் என்றால், சேலத்துக்காரர்கள் அதற்குச் சம்மதிக்கும் முன் இந்தக் கடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் போகிற வழியில், ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியில் ஒரே அறை. வாசலில் பெரிய போர்டு எல்லாம் இல்லை. நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். பெயரும் நம்பரும் இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரே ஆளாகப் பார்க்கிறார், கூட்டம் சேர்ந்தால் சமாளிக்க முடியாது என்கிறார். அதனால் இரண்டையும் எழுதவில்லை. கீழே ஜெராக்ஸ் கடையில் கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள்.

நான் அம்மாப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோதான் பிழைப்பு. ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதத்தில் பழைய கேசட், விசிடி, டிவிடி எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றித் தரும் வேலைதான் ஸ்டூடியோவை ஓட்டும். ஓமலூர், ஆத்தூர், மேட்டூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். ஏற்காட்டிலிருந்து வரும் டிஸ்க்குகள் தனி ரகம். அங்கே பனியும் ஈரமும் பீரோவுக்குள்ளேயே புகுந்துவிடும். உறையைத் திறந்தால் டிஸ்க்கின் ஓரத்தில் பூஞ்சை வேர் விட்டிருக்கும். மார்க்கர் பேனாவில் "ரிசப்ஷன் 2" என்று எழுதியது பாதி அழிந்திருக்கும். அதற்குள் இருப்பவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. தாத்தா மைக்கைப் பிடித்து வரவேற்புரை பேசுகிற முக்கால் நிமிடத்துக்காக ஒரு குடும்பம் மலையிலிருந்து இறங்கி வரும். அந்த டிஸ்க்கை டிரைவில் போட்டால் ஒருமுறை படிக்கும், இரண்டாம் முறை படிக்கும், மூன்றாம் முறைக்கு உத்தரவாதம் கிடையாது. எனவே வந்ததும் முதல் வேலை, டிஸ்க்கை முழுசாக ஒரு இமேஜ் கோப்பாக, அதாவது டிஸ்க்கின் அச்சு நகலாக, எடுத்து வைத்துவிடுவது. அதற்கப்புறம் டிஸ்க்கைத் தொடவே மாட்டேன். மாற்றும் வேலை எல்லாம் அந்த இமேஜிலிருந்துதான் நடக்கும்.

இங்கேதான் விர்ச்சுவல் டிரைவ் வருகிறது. இமேஜ் கோப்பைக் கொடுத்தால், கணினியில் இல்லாத ஒரு சிடி டிரைவை இருப்பதுபோலக் காட்டி, அதற்குள் அந்த டிஸ்க் கிடக்கிறது என்று விண்டோஸை நம்பவைக்கும் மென்பொருள் அது. ஐஎஸ்ஓ என்ற சாதாரண வகை இமேஜ் கோப்பாக இருந்தால் இது தேவையே இல்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்தே ஐஎஸ்ஓவை இரண்டு கிளிக்கில் திறந்துகொள்ளலாம். ஆனால் கல்யாண விசிடியை ஐஎஸ்ஓவாக எடுக்க முடியாது. டிஸ்க்கில் தரவு செக்டர் என்ற சிறு துண்டுகளாக இருக்கும். ஐஎஸ்ஓ கோப்பு ஒரு செக்டருக்கு 2048 பைட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். விசிடியில் வீடியோ இருக்கிற செக்டர் ஒவ்வொன்றிலும் 2324 பைட் தரவு இருக்கும். மிச்சத்தை வெட்டிவிட்டு எடுத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், இல்லாவிட்டால் ஓடவே ஓடாது. அதனால் விசிடிக்கு எல்லோரும் பின்-க்யூ ஜோடியாகவோ என்ஆர்ஜி கோப்பாகவோதான் எடுத்து வைத்திருக்கிறார்கள். என்னிடமும் அப்படித்தான் சேர்ந்திருக்கிறது, வருடக்கணக்கில். இவற்றை விண்டோஸ் தானாகத் திறக்காது. வெளியிலிருந்து ஒரு விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் போட்டால்தான் உண்டு என்பதே எங்கள் தொழிலில் பழக்கம். நான் பயன்படுத்தியதும் பல வருடமாகக் கையோடு வந்த ஒன்று. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

விண்டோஸ் 11 போட்ட புது மெஷினுக்கு மாறிய பிறகு தொந்தரவு ஆரம்பித்தது. எடிட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது நீலத்திரை வரும். சில நாள் எதுவும் ஓடாமல் சும்மா இருக்கும்போதே வரும். ஒரு நாள் "மெமரி மேனேஜ்மெண்ட்" என்று போடும், மறுநாள் "சிஸ்டம் சர்வீஸ் எக்செப்ஷன்" என்று போடும். ஆடி நெருங்குகிறது, மேஜை மேல் டிஸ்க் பொட்டலங்கள் குவிந்து கிடக்கின்றன, எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டரிங் பாதியில் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை.

முதலில் கொண்டுபோன கடையில், விண்டோஸ் தனக்கு நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவண்ட் வியூவரைத் திறந்தார்கள். "கெர்னல் பவர் 41" என்று சிவப்பில் வரிசையாக இருந்தது. பவர் என்று போட்டிருக்கிறதே, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்தான் போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டினார்கள். நிற்கவில்லை. இரண்டாவது கடையில் ஃபார்மேட். ஊருக்குள் நிறையப் பேருக்கு இதே கதை நடந்திருக்கும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த 41 என்ற பதிவு காரணத்தைச் சொல்வதே இல்லை. போன தடவை கணினி முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதை, அடுத்த தடவை எழுந்த பிறகு விண்டோஸ் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் அதே பதிவு, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே பதிவு, நீலத்திரை வந்தாலும் அதே பதிவு. அதை வைத்துப் பாகம் மாற்றுவது இருட்டில் கல் எறிகிற வேலை. ஃபார்மேட் போட்ட கடையில் கொஞ்ச நாள் நிம்மதி கிடைத்தது. தொழிலுக்கு வேண்டிய மென்பொருள்களைத் திரும்பப் போட்டதும் மறுபடி அதே கதை.

மூன்றாவதாக இந்த மாடிப்படி ஏறினேன்.

அந்தப் பெண் சிபியூவைத் திறக்கவில்லை. ஆன்கூடச் செய்யவில்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னே பின்னே என்ன புதிதாகப் போட்டீர்கள், ஃபார்மேட் போட்ட பிறகு எத்தனை நாள் நன்றாக ஓடியது, அந்த நாட்களில் எந்தெந்த மென்பொருள் இல்லை. இந்தக் கடைசிக் கேள்வியை வேறு எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்புறம், "உள்ள இருக்கற வீடியோவுக்கெல்லாம் வேற காப்பி இருக்குதுங்களா அண்ணா? இல்லைன்னா மொதல்ல அதை எடுத்துக்கலாம், அப்புறம்தான் கை வைப்பேன்" என்றார். வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்றேன். அதைச் செருகி, நாலைந்து கோப்பைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

பிறகு விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரைத் திறந்தார். நீலத்திரை வரும் ஒவ்வொரு முறையும், சாவதற்கு முன் கணினி தன் நிலைமையை ஒரு சிறு கோப்பாக அங்கே எழுதிவிட்டுப் போகிறது. தேதி தேதியாக இருந்தது. நான் ரெண்டரிங்கில் உட்கார்ந்து தலையில் கை வைத்த ஒவ்வொரு இரவும் அங்கே ஒரு கோப்பாகக் கிடந்தது. அவற்றை நிர்சாஃப்ட்டின் புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்தார். மேலே கோப்புகளின் பட்டியல், கீழே அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்த டிரைவர்களின், அதாவது விண்டோஸ் ஒவ்வொரு கருவியோடும் பேச உதவும் சிறு மென்பொருள்களின், நீண்ட பட்டியல். விபத்து நடந்தபோது வழியில் அகப்பட்ட டிரைவர்கள் மட்டும் வெளிர் சிவப்புப் பட்டையில் தெரியும். ஒரு கோப்பில் விண்டோஸின் மையக் கோப்பே சிவப்பு. இன்னொன்றில் கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர். வேறொன்றில் ஆன்டிவைரஸ். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

"பாத்தீங்களா, ஒரே ஆள் மேல பழி விழலை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தர். அப்படின்னா ரெண்டே வழிதான். ராம் கெட்டிருக்கணும், இல்லைன்னா ஏதோ ஒரு டிரைவர் அடுத்தவன் இடத்துல போய்க் கிறுக்கிட்டு வருது."

இதை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொடுத்தார். நானும் அதை எங்கள் தொழில் வழியாகவே யோசித்துப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் ஒருவர் இலையைக் கவிழ்த்துவிட்டால் அந்த ஒரு இலையோடு போயிற்று. சமையல்கட்டில் அடுப்பு சாய்ந்தால் பந்தியே நின்றுவிடும். வேர்ட், எடிட்டிங், பிரவுசர் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருப்பவை. அவற்றில் ஒன்று தகராறு செய்தால் விண்டோஸ் அதை மட்டும் எழுப்பி வெளியே அனுப்பிவிடும். டிரைவர்கள் சமையல்கட்டில் இருக்கின்றன, அதாவது விண்டோஸின் மையமான கெர்னலுக்குள். அங்கே ஒரு டிரைவருக்கும் இன்னொன்றுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒன்று தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் எழுதிவிட்டால், அப்போதே ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் கழித்து அந்த இடத்தைத் தொடுகிற வேறொரு டிரைவர் தடுக்கி விழும். அதன் பெயர்தான் திரையில் வரும். கெட்டுப்போன தரவை வைத்துக்கொண்டு மேலே ஓடினால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதும் கெடும் என்பதால் விண்டோஸே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. நீலத்திரை என்பது உண்மையில் அந்தப் பாதுகாப்புதான்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களும் ஆஸ்பத்திரிகளும் நின்றுபோனதும் இந்த வழியில்தான். கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்துடைய பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவருக்கு ஒரு தவறான அப்டேட் கோப்பு போனது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு டிரைவருக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. நாமோ "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" என்று அழுத்தி ஒவ்வொரு டிரைவராக உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ராம் என்ற நினைவகப் பாகமா, டிரைவரா என்று தெரிய, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை இரவு முழுக்க ஓட விட்டார். காலையில் ஒரு பிழைகூட இல்லை. பாகம் விற்கிற கடையாக இருந்தால் இந்த இடத்தில் சும்மாவேனும் ஒரு ராம் மாற்றியிருப்பார்கள். இவர் பாகமே விற்பதில்லை. எது தேவையோ அதை எழுதிக் கொடுப்பார், நாமே வாங்கி வர வேண்டும். இந்தக் கடையை நான் நம்புவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

அடுத்து செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விண்டோஸுக்குள்ளேயே டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி இருக்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறதாம். சந்தேகப்படும் டிரைவர்களைக் குறித்துக் கொடுத்தால், அவை நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் கூடவே நின்று பார்க்கும். தப்பு செய்த அந்தக் கணமே பிடித்து நிறுத்திவிடும், பத்து நிமிடம் கழித்து அல்ல. அதனால் பழி சரியான ஆள் மேல் விழும். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த டிரைவர்களை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வந்தவற்றை மட்டும் குறித்தார். ஆனால் இதை வீட்டில் யாரும் யோசிக்காமல் செய்துவிடக் கூடாது. குற்றவாளி டிரைவர் பூட் ஆகும்போதே ஏறுகிற வகையாக இருந்தால், கணினி டெஸ்க்டாப் வரைக்கும் வராமலே மறுபடி மறுபடி நீலத்திரையில் விழும். அப்போது விண்டோஸ் மிக அவசியமானவற்றோடு மட்டும் ஏறும் சேஃப் மோடுக்குள் போய் வெரிஃபையரை ரீசெட் செய்ய வேண்டும். அதனால் ஆரம்பிக்கும் முன்பே, பழைய நிலைக்குத் திரும்புவதற்கு ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் வைத்தார். அதற்கும் முன்பு, "பிட்லாக்கர் ரெக்கவரி கீ எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டு நமக்குத் தெரியாமலே போட்டிருக்கும். சேஃப் மோடு போகும் வழியில் அது 48 இலக்கச் சாவியைக் கேட்டு வழியை மறித்துவிடும். என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் ரீஸ்டார்ட் கொடுத்தார்.

டெஸ்க்டாப் வருவதற்கு முன்பே நீலத்திரை விழுந்தது. இந்த முறை கீழே ஒரு கோப்பின் பெயர். விர்ச்சுவல் டிரைவ் மென்பொருளின் டிரைவர். சேஃப் மோடில் போய் வெரிஃபையரை எடுத்துவிட்டு, புதிதாக விழுந்த டம்ப்பைத் திறந்தார். அதிலும் அதே பெயர். சேஃப் மோடிலேயே சில மணி நேரம் விட்டுப் பார்த்தோம். அங்கே வெளி டிரைவர்கள் பெரும்பாலும் ஏறுவதில்லை என்பதால் மெஷின் அசையாமல் நின்றது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை வருடம் நன்றாகத்தானே ஓடியது? அதற்கும் பதில் வைத்திருந்தார். இந்த வகை மென்பொருள்களின் பழைய பதிப்புகள் சிடி கேம்களை ஏமாற்றுவதற்காகவும் எழுதப்பட்டவை. சேஃப்டிஸ்க், செக்யூராம் போன்ற காப்பிப் பாதுகாப்புகள் உண்மையான டிஸ்க்தானா என்று தோண்டிப் பார்க்கும். அவற்றின் கண்ணில் படாமல் இருக்க விர்ச்சுவல் டிரைவ்களின் டிரைவர்கள் தங்களை மறைத்துக்கொள்ளும், விண்டோஸின் உள் அழைப்புகளை நடுவில் மறித்துத் திருப்பிவிடும். ஒரு காலத்தில் அது வேலை செய்தது. 2015-ல் வந்த விண்டோஸ் 10, சேஃப்டிஸ்க்கின் சொந்த டிரைவரையே ஏற்க மறுத்துவிட்டது. போகப் போகக் கெர்னலின் கட்டுப்பாடு இறுகிக்கொண்டே வருகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன், அதற்குள் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பொருந்தாத டிரைவர் இருந்தால் அதை ஆன் செய்ய விடாது, எந்த டிரைவர் தடுக்கிறது என்று பெயரும் காட்டும். என் மெஷினில் அழுத்தியதும் அங்கேயும் அதே பெயர் நின்றது. நீலத்திரை வராதவர்கள்கூட இந்த ஸ்விட்சை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கணினிக்குள் எந்தப் பழைய டிரைவர் மிச்சம் கிடக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நீக்குகிற வேலை நான் நினைத்ததைவிடப் பெரியது. கண்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் கொடுத்ததும் மென்பொருள் போயிற்று, டிரைவர் போகவில்லை. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொன்னபோது, ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்களின் கீழே ஒரு போலி கன்ட்ரோலர் மங்கலாக உட்கார்ந்திருந்தது. அதை நீக்கி, டிரைவர் சேமிப்பிலிருந்தும் பிஎன்பி யூட்டில் கட்டளை வழியாக எடுத்தார். ரீஸ்டார்ட் ஆனதும் என் உண்மையான டிவிடி ரைட்டர் காணாமல் போனது! மை கம்ப்யூட்டரில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், "கோடு 39" என்ற பிழை எண்.

நான் பதறினேன், அவர் பதறவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சிடி டிரைவ்களுக்கு என்று ஒரு இடம் உண்டு. அதில் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்று இரண்டு வரி இருக்கும். சிடி டிரைவோடு பேசும் முன் எந்தெந்த டிரைவர் வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியல் அது. விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் தன் பெயரை அங்கே எழுதி வைத்துவிட்டு, போகும்போது அழிக்காமல் போயிருக்கிறது. விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடுகிறது, கோப்பு இல்லை, அதனால் நல்ல டிரைவையும் திறக்க மறுக்கிறது. இணையத்தில் தேடினால் இந்த இரண்டு வரியையும் அப்படியே டெலீட் செய்யச் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் போய்விடும். அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் அந்த ரெஜிஸ்ட்ரிப் பகுதியைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்தார். பிறகு வரியைத் திறந்து காட்டினார். இரண்டு பெயர் இருந்தன. ஒன்று போன மென்பொருளுடையது. இன்னொன்று டிஸ்க் எழுதுகிற மென்பொருளுடையது, அது எனக்குத் தினமும் வேண்டும். கெட்டுப்போன பெயரை மட்டும் அழித்து, மற்றதை விட்டுவிட்டு, ரீஸ்டார்ட் கொடுத்தார். டிவிடி ரைட்டர் திரும்பி வந்தது. எனக்கு உயிரே வந்தது. மெமரி இன்டெக்ரிட்டியும் இப்போது ஆன் ஆனது.

சரி, நீலத்திரை போயிற்று. என் என்ஆர்ஜி கோப்புகளை எப்படித் திறப்பது? வேறு நல்ல விர்ச்சுவல் டிரைவ் எது என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "அதை டிரைவா காட்டி ஆகணுமுன்னு என்னங்கண்ணா அவசியம்? உங்களுக்கு வேண்டியது உள்ள இருக்கற வீடியோதானே?"

இந்தக் கேள்விக்காகவே அவருக்குத் தனியாகப் பணம் தரலாம். எங்கள் தொழிலில் யாரும் இப்படி யோசித்ததில்லை. இமேஜ் என்றால் மவுண்ட் செய்வது, அதாவது போலி டிரைவில் ஏற்றுவது, என்று கை தானாகப் போகும். அதற்கு அவசியமே இல்லை. ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் என்ஆர்ஜி, பின்-க்யூ, எம்டிஎஃப் எல்லாவற்றையும் வெறும் கோப்பாகவே திறந்து உள்ளே இருப்பதைக் காட்டுகிறது, போலி டிரைவ் எதையும் உருவாக்காமல். விசிடிக்குள் இருக்கும் டாட் கோப்பின் மேல் ரைட் கிளிக் கொடுத்தால், எம்பெக் வீடியோ ஃபிரேம்களை மட்டும் வடிகட்டி எடுக்கும் வழி அதிலேயே இருக்கிறது. அந்த 2324 பைட்டையும் முழுசாக எடுத்துவிடுகிறது. டிவிடி ஐஎஸ்ஓ என்றால் விஎல்சி பிளேயரே நேராகத் திறக்கும், வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளும் நேராக எடுத்துக்கொள்ளும். முன்பு ஒவ்வொரு விசிடியையும் மவுண்ட் செய்து, காப்பி போட்டு, அன்மவுண்ட் செய்து கொண்டிருந்த வேலை இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒரே ஒரு வகை மட்டும் மிச்சம். 2005 வாக்கில் சில ஸ்டூடியோக்கள் மல்டிமீடியா ஆல்பம் சிடி என்று கொடுத்தார்கள். போட்டதும் தானாக ஓடும், பாட்டோடு பக்கம் புரளும். அவை டிரைவில் இருந்தால்தான் அசையும். அதற்கு, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் ஒரு பழைய விண்டோஸைத் தனியாக வைத்து, அதன் சிடி டிரைவுக்கு ஐஎஸ்ஓவைக் கொடுத்துவிடச் சொன்னார். ஆல்பம் சிடி சாதாரண டேட்டா டிஸ்க் என்பதால் ஐஎஸ்ஓவாகவே எடுக்கலாம். உள்ளே எது விழுந்தாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே விழும், என் எடிட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி குறைகளும் சொல்கிறேன். படிக்கட்டு குறுகல், செங்குத்து. சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஏறுவது வயசானவர்களுக்குக் கஷ்டம். மேம்பாலத்தை ஒட்டிய அந்த நெரிசலில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். ஆட்டோவில் போய் இறங்குவதே மேல். மதியம் வரைக்கும் ஃபோனை எடுக்க மாட்டார். அவசரம், இன்றே வேண்டும் என்றால் இந்தக் கடை சரிப்படாது. எனக்கு மூன்று நான்கு நாள் ஆனது. வீட்டுக்கு வந்து பார்ப்பது சேலத்துக்குள் மட்டும்தான். ஏற்காட்டுக்காரர்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் வர வேண்டும். லேப்டாப் போர்டு ரிப்பேர் செய்வதில்லை. அதை முதலிலேயே சொல்லி வேறு இடம் காட்டிவிடுகிறார்.

கட்டணம் இரண்டு பகுதி. கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு தொகை, அது நானூறு ரூபாய். சரிசெய்வதற்குத் தனி. கண்டுபிடித்த பிறகு "வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று எடுத்துப் போனாலும் முகம் சுளிப்பதில்லை. எனக்கு மொத்தம் ஆயிரத்து இருநூறு ஆனது. மாற்றத் தேவையே இல்லாமல் மாற்றிய எஸ்எம்பிஎஸ்ஸின் விலை அதைவிட அதிகம்.

பில்லோடு இன்னொரு தாள் கொடுத்தார். நோட்டிலிருந்து கிழித்தது, கையால் எழுதியது. எந்த டிரைவரை நீக்கினார், ரெஜிஸ்ட்ரியில் எந்த வரியில் எந்தப் பெயரை அழித்தார், அழிக்கும் முன் எடுத்த கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எதை மறுபடி போடக் கூடாது, எல்லாம் வரிசையாக. கடைசி வரியில் பிட்லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதி, சாவியை எழுதாமல் விட்டிருந்தார். நாளைக்கு அவர் கடையைக் காலி செய்துவிட்டுப் போனாலும், வேறு யாரிடமாவது அந்தத் தாளைக் கொடுத்தால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். இத்தனை வருடத்தில் எந்த ரிப்பேர்க் கடையிலும் எனக்கு இப்படி ஒரு தாள் கிடைத்ததில்லை. லேமினேட் செய்து சிபியூவின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆடி முழுக்க ஒருமுறைகூட நீலத்திரை வரவில்லை. வந்த டிஸ்க்குகளை எல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வரவேற்புரை பேசின தாத்தாவும் பத்திரமாகப் பேரனுடைய பென் டிரைவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போகிறவர்களுக்கு ஒன்று. மெஷின் மெதுவாக இருக்கிறது, சுத்தம் செய்து கொண்டுபோவோம் என்று டிஸ்க் கிளீனப்போ வேறு கிளீனர் மென்பொருளோ ஓட்டிவிடாதீர்கள். அவை குப்பை என்று நினைத்து மினிடம்ப் கோப்புகளையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். அழிந்தால் அடுத்த நீலத்திரை வரும்வரை அவருக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. சிஸ்டம் பிராபர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரிக்குள் போய், "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்ற டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை விழும்போது திரை அப்படியே நிற்கும், ஃபோனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பவர் கார்டு அங்கேயே இருக்கிறது, மானிட்டரும் வேண்டாம். சிபியூ, பிட்லாக்கர் சாவி, அந்த போட்டோ, இவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.